தனியாக நடந்தவர்களின் பாதை

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு நான் சப்பாத்து மாட்டும்போதெல்லாம் அம்மா அடுப்படியிலிருந்து கேட்பது ஒரே கேள்விதான். "யார் கூட போற?" எங்கே போகிறாய், எத்தனை மணிக்கு வருவாய் என்பதெல்லாம் அப்புறம். நான் போவது செமினி பக்கம் இருக்கும் புரோகா குன்றுக்கு. உயரம் 400 மீட்டர்தான். லாலான் புல் மண்டிய மொட்டைக் குன்று என்பதால் ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் முதுகைப் பொசுக்க ஆரம்பித்துவிடும். வார இறுதியில் அவ்வளவு கூட்டம் ஏறும் இடத்தில் தனியாக ஏறுவது சாகசமே இல்லை. இருந்தும் "தனியாத்தான்" என்று சொன்னதும் அம்மாவின் முகம் மாறிவிடும்.

அந்த முகத்தை நினைத்துக்கொண்டு ஒருநாள் குன்றின் உச்சியில் உட்கார்ந்திருந்தபோது ஒரு சந்தேகம் வந்தது. முதன்முதலில் பெரிய மலைப்பாதை ஒன்றைத் தனியாக நடந்து முடித்தவர்களிடம் இந்தக் கேள்வியை யாராவது கேட்டிருப்பார்களா? அவர்கள் என்ன பதில் சொல்லியிருப்பார்கள்? அப்படித் தேடப் போய்த்தான் அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதையின் வரலாற்றில் மாட்டிக்கொண்டேன். சில மாதங்களாக அதைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அந்தப் பாதையின் அளவைச் சொல்லிவிடுகிறேன். தெற்கே ஜார்ஜியாவிலிருந்து வடக்கே மேய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலைவரை 14 மாநிலங்கள் வழியாகப் போகிறது. இன்றைய நீளம் ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர். வழியில் வரும் ஏற்றங்களை மட்டும் கூட்டினால், கடல் மட்டத்திலிருந்து எவரெஸ்ட்டை 16 தடவை ஏறுவதற்குச் சமம். தெற்கிலிருந்து கிளம்புகிறவர்கள் வசந்தத்தில் தொடங்கினால்தான் பனி விழுமுன் வடக்கே போய்ச் சேர முடியும். அதனால் பாதையின் நடுப்பகுதியைக் கோடையில்தான் கடந்தாக வேண்டும். வர்ஜீனியா, பென்சில்வேனியாவின் தாழ்வான பகுதிகளில் ஜூலை மாதம் 32 டிகிரியைத் தாண்டும். காற்றில் ஈரமும் அதிகம். நமக்குப் பழக்கமான வெயில்தான்.

இங்கே ஒரு பொறியாளராக இரண்டு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். சுமையோடு மலை ஏறும் உடம்பு ஓர் இயந்திரம். தின்ற சாப்பாட்டில் கால்வாசிக்கும் குறைவாகத்தான் ஏறும் வேலையாக மாறும். மீதி வெப்பம். கடுமையான ஏற்றத்தில் ஒரு மணி நேரத்தில் சேரும் வெப்பத்தை வெளியேற்ற ஏறக்குறைய 1 லிட்டர் வியர்வை ஆவியாக வேண்டும். ஆவியாக வேண்டும் என்பதுதான் முக்கியம். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் சொட்டிப் போகும், உடம்பு குளிராது. இன்னொரு சிக்கல், பாதை மலை முகட்டின் மேலேயே போகிறது, தண்ணீரோ கீழே பள்ளத்தில் ஓடுகிறது. பென்சில்வேனியாவின் ஊற்றுகள் கோடையில் வற்றிவிடும். தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம்தான், ஆனால் 1 லிட்டர் 1 கிலோ. தூக்கத் தூக்க வியர்க்கும், வியர்க்க வியர்க்கத் தாகம். தனியாகப் போகிறவருக்கு இந்தக் கணக்கைப் பங்குபோட ஆளில்லை. தலை சுற்றினால் "உட்காரு" என்று சொல்லவும் ஆளில்லை. அம்மாவின் பயம் முட்டாள்தனமானது இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அப்படியிருந்தும் ஏன் போனார்கள்?

இந்தப் பாதையை முதலில் கற்பனை செய்தவர் பெண்டன் மக்காய். காட்டியல் படித்தவர், அரசாங்கத்தில் வேலை பார்த்தவர். அவருடைய மனைவி ஜெஸ்ஸி, பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். 1921 ஏப்ரலில் ஜெஸ்ஸி தற்கொலை செய்துகொண்டார். நிலைகுலைந்து போயிருந்த மக்காயை நண்பர் ஒருவர் நியூ ஜெர்ஸிக்கு அழைத்தார். அந்தக் கோடையில் அங்கே உட்கார்ந்துதான் அப்பலாச்சியன் பாதைக்கான திட்டத்தை எழுதினார். அக்டோபரில் அது அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகத்தின் இதழில் வெளிவந்தது.

அந்தக் கட்டுரையைப் பற்றித் தெரிந்துகொண்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மக்காய் கேட்டது வெறும் நடைபாதை இல்லை. தொழிற்சாலை நகரங்களில் உழைத்துக் களைத்தவர்கள் வந்து தங்கும் முகாம்கள், கூட்டாக வாழும் சிறு குடியிருப்புகள், உணவு விளையும் பண்ணைகள் எல்லாம் அதில் இருந்தன. மலை முகட்டில் போகும் பாதை இவற்றையெல்லாம் கோக்கும் நூல் மட்டுமே. மனைவியை இழந்த மனிதர் கனவு கண்டது தனிமைக்கான இடத்தை அல்ல, சேர்ந்து வாழ்வதற்கான இடத்தை. கடைசியில் நூல் மட்டும் கிடைத்தது, மணிகள் கிடைக்கவில்லை. முகாம்களும் பண்ணைகளும் காகிதத்திலேயே நின்றுவிட்டன.

நூலை நூற்றவர் வேறொருவர். மைரன் ஏவரி என்ற கடல்சார் வழக்கறிஞர். அளவுச் சக்கரம் ஒன்றைத் தள்ளிக்கொண்டே மலை மலையாக நடந்தவர். பழைய படங்களில் அந்தச் சக்கரமும் கூடவே நிற்கும். சங்கங்களை உருவாக்கினார், கடிதம் எழுதினார், திட்டினார், வேலை வாங்கினார். ஷெனண்டோவா மலை முகட்டில் அரசாங்கம் கார் சாலை போட்டபோது, "போடட்டும், நாம் பாதையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம்" என்ற நிலையை எடுத்தார். காட்டுக்குள் கார் வரக்கூடாது என்பது மக்காயின் கட்சி. இருவருக்கும் பேச்சே நின்றுபோனது. ஒரே பாதையின் இரண்டு தகப்பன்மார் முகம் பார்க்காமலே போனார்கள்.

பெரும்பகுதியை வெட்டியவர்கள் ஊர் ஊராக இருந்த நடைச் சங்கத்துக்காரர்கள். சம்பளம் கிடையாது. பொருளாதார மந்தக் காலத்தில் அரசாங்கம் தொடங்கிய பாதுகாப்புப் படையைச் சேர்ந்த வேலையற்ற இளைஞர்களும் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு மாதம் 30 டாலர் சம்பளம், அதில் 25 டாலர் நேரே வீட்டுக்குப் போய்விடும். 1937 ஆகஸ்ட் 14 அன்று மேய்ன் மாநிலத்தில் கடைசித் துண்டை வெட்டி முடித்ததும் அப்படிப்பட்ட ஒரு குழுதான். வரலாற்றுப் புத்தகங்களில் மக்காயும் ஏவரியும் இருக்கிறார்கள். அந்தக் குழுவின் பையன்களைத் தேடினால் பெயர் கிடைப்பதில்லை. தோட்டத்துச் சாலைகளும் தண்டவாளமும் போட்ட நம் ஆட்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது ஒன்றும் புதிதில்லை.

பாதை முடிந்ததும் கதை முடியவில்லை. 1938இல் பெரும் சூறாவளி, பிறகு உலகப்போர். பராமரிக்க ஆளில்லாமல் பல இடங்களில் பாதை புதருக்குள் மறைந்தது. அதை ஒரே மூச்சில் யாராலும் நடந்து முடிக்க முடியாது என்றே பலரும் நினைத்தார்கள்.

1948 ஏப்ரல் 4 அன்று எர்ல் ஷேஃபர் ஜார்ஜியாவின் ஓகல்தோர்ப் மலையிலிருந்து கிளம்பினார். வயது 29. பென்சில்வேனியாக்காரர். பசிபிக் போரில் ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவில் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார். இந்தப் பாதையை நடக்கும் திட்டம் அவருடையது மட்டுமல்ல, சின்ன வயதிலிருந்து கூடவே காடு சுற்றிய நண்பர் வால்டர் வைன்மில்லருடையதும்தான். இருவரும் சேர்ந்து நடப்பதாகப் பேசி வைத்திருந்தார்கள். வால்டர் ஈவோ ஜீமா சண்டையில் இறந்துபோனார். ராணுவத்தை நடந்தே தன் உடம்பிலிருந்து வெளியேற்றப் போவதாக ஷேஃபர் பின்னாளில் விளக்கினார்.

வழிகாட்டிப் புத்தகம் அவர் கையில் இல்லை. சாலை வரைபடங்கள்தான். கூடாரம் கூட வேண்டாம் என்று விட்டுவிட்டு மழைப் போர்வையை வைத்துச் சமாளித்தார். ஆகஸ்ட் 5 அன்று கட்டாடின் உச்சியில் நின்றார். 124 நாள், அன்றைய கணக்கில் 3,300 கிலோமீட்டர். சராசரியாக ஒரு நாளைக்கு 26 கிலோமீட்டருக்கும் மேல். பாதையை நிர்வகித்தவர்களே முதலில் நம்பவில்லை. படங்களையும் நாட்குறிப்பையும் காட்டித்தான் நம்ப வைத்தார். ஒரே பயணத்தில் முழுப்பாதையையும் நடந்த முதல் ஆள் என்று அவர் பெயர் பதிவானது. அந்தக் கறுப்பு நாட்குறிப்பு இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஷேஃபரிடம் "யார் கூட போற?" என்று கேட்டிருந்தால் "வால்டர் கூட" என்று சொல்லியிருப்பாரோ என்று எனக்குத் தோன்றும். 1998இல் 79 வயதில் மறுபடியும் முழுப் பாதையையும் நடந்தார். அரை நூற்றாண்டு நடந்தும் ராணுவம் உடம்பைவிட்டு வெளியேறியதா என்று தெரியவில்லை.

நான் உண்மையில் சொல்ல வந்தது அடுத்தவரைப் பற்றி.

எம்மா கேட்வுட், 1887இல் ஒஹாயோவில் பிறந்தவர். 19 வயதில் கல்யாணம். பதினொரு பிள்ளைகள். புருஷன் பி. சி. கேட்வுட் படித்தவர், ஊரில் மதிப்பானவர், வீட்டுக்குள் அடிப்பவர். பல் உடைய, விலா எலும்பு விரிசல்விட அடித்திருக்கிறார். அடி தாங்க முடியாதபோது எம்மா காட்டுக்குள் போய்விடுவார். அவருக்கு மூச்சுவிடக் கிடைத்த இடம் அதுதான். 1939இல் நடந்த ஒரு சண்டையில் புருஷன் மேல் மாவுப் பையை எறிந்தார் என்பதற்காகப் போலீஸ் எம்மாவைத்தான் பிடித்துப் போனது. முகம் வீங்கி லாக்கப்பில் இருந்தவரைப் பார்த்த அந்தச் சிற்றூர் மேயர் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்ப் பாதுகாப்புக் கொடுத்தார். 1941இல் விவாகரத்து கிடைத்தது. கைக்குழந்தைப் பருவம் தாண்டி எல்லாப் பிள்ளைகளும் வளர்ந்து வீட்டைவிட்டுப் போகும்வரை பொறுத்திருந்தார்.

மருத்துவர் ஒருவரின் காத்திருப்பு அறையில் கிடந்த பழைய நேஷனல் ஜியாகிரஃபிக் இதழில்தான் இந்தப் பாதையைப் பற்றி வாசித்தார். 1954இல் வடக்கு முனையிலிருந்து தொடங்கினார். சில நாட்களிலேயே வழி தப்பியது, மூக்குக்கண்ணாடி உடைந்தது, சாப்பாடு தீர்ந்தது. கண்டுபிடித்த வனக்காவலர்கள் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். போனார். இந்தத் தோல்வியை யாரிடமும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

அடுத்த ஆண்டு, 1955 மே 3. இந்தத் தடவை தெற்கு முனை. வயது 67. காலில் கெட்ஸ் கான்வாஸ் சப்பாத்து. தோளில் தானே தைத்த துணிப்பை. உள்ளே ஒரு போர்வை, மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை ஒன்று, மாற்றுத் துணி, உலர் திராட்சை, கடலை வகைகள், டின்னில் அடைத்த சாசேஜ். பை மொத்தமே 8 கிலோ வராது. இன்றைக்கு மலையேறிகள் ஒவ்வொரு கிராமாகக் குறைக்கப் பணத்தைக் கொட்டும் சுமைக்கணக்கு அது. பிள்ளைகளிடம் நடக்கப் போகிறேன் என்று மட்டும் சொன்னார். எவ்வளவு தூரம் என்று சொல்லவில்லை.

கோடை முழுக்க நடந்தார். இதழில் படித்தது போலப் பாதை இல்லை. தங்கும் குடிசைகள் சில எரிந்து கிடந்தன, சில இடங்களில் அடையாளமே இல்லை. ஆகஸ்ட் மாதம் கோனி, டயான் என்று இரண்டு சூறாவளிகளின் மழை வடகிழக்கை மூழ்கடித்தபோதும் அவர் பாதையில்தான் இருந்தார். வெள்ளம் பெருகிய ஓர் ஆற்றை அவராகக் கடக்க முடியவில்லை. அந்த வழியாக வந்த கடற்படை இளைஞர்கள் இருவர் கயிற்றால் அவரைத் தங்களோடு பிணைத்துக்கொண்டு அக்கரை சேர்த்தார்கள். பல இரவுகள் வழியில் இருந்த வீட்டுக் கதவைத் தட்டித்தான் கழிந்தன. சிலர் படுக்க இடம் கொடுத்தார்கள், சிலர் கதவைச் சாத்தினார்கள். செப்டம்பர் 25 அன்று கட்டாடின் உச்சி. 146 நாள், ஒரு நாளைக்கு 22 கிலோமீட்டருக்கும் மேல். ஆறேழு ஜோடி சப்பாத்து தேய்ந்திருந்தது. தனியாக, ஒரே பயணத்தில் முழுப்பாதையையும் நடந்த முதல் பெண்.

நடுவிலேயே செய்தித்தாள்கள் அவரைக் கண்டுபிடித்துவிட்டன. 'பாட்டி கேட்வுட்' என்று பெயர் வைத்தார்கள். ஏன் நடக்கிறீர்கள் என்ற கேள்விக்கு ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு பதில் சொன்னார். குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் தான் விதவை என்றார். அப்போது பி. சி. கேட்வுட் உயிரோடுதான் இருந்தார்.

இந்த ஒரு பொய்யில்தான் நான் ரொம்ப நாள் நின்றுவிட்டேன். 67 வயதுப் பாட்டி, கான்வாஸ் சப்பாத்து, பதினொரு பிள்ளைகள் என்று உற்சாகமாக எழுதிய ஊர்களுக்கு அந்த உடம்பு முப்பது வருடத்துக்கும் மேல் என்ன பட்டது என்று தெரியாது. அந்த முழு விவரம் பொதுவெளிக்கு வந்தது 2014இல், பென் மாண்ட்கோமரி அவருடைய வாழ்க்கையை எழுதியபோதுதான். வெயிலில், மழையில், தண்ணீர் இல்லாத முகட்டில், பாம்பு இருக்கும் பாறையில் ஒரு கிழவி எப்படிப் பயமில்லாமல் தனியாகப் போனாள் என்று வியந்தார்கள். அவர் வாழ்க்கையில் ஆபத்தான இடம் மலை இல்லை. துணை இருந்த வீடுதான். நாம் வாழ்க்கைத்துணை என்று சொல்கிறோமே, அந்தத் துணை.

தனிமை எல்லாருக்கும் ஒரே விலையில் கிடைத்தது என்று சொல்லவும் முடியாது. இந்தப் பாதையின் தெற்குப் பகுதி செரோக்கி மக்களின் நிலம். 1838இல் அவர்களை ராணுவம் துரத்தியது, மேற்கே நடத்திக் கொண்டுபோன வழியில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அதுவும் ஒரு நெடுநடைதான், யாரும் பெயர் பொறித்துக்கொள்ளாத நடை. ஷெனண்டோவா தேசியப் பூங்காவுக்காக ஏறக்குறைய 500 குடும்பங்கள் மலையைவிட்டு வெளியேற்றப்பட்டன. அதே பூங்காவில் 1940களில் கறுப்பின மக்களுக்குத் தனி இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1948இல் ஷேஃபர் ஜார்ஜியாவின் காட்டிலிருந்து தாடியும் அழுக்குமாக இறங்கி வந்ததுபோல ஒரு கறுப்பின இளைஞர் வந்து முன்பின் தெரியாத கதவைத் தட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தனியாக நடக்கலாம் என்பதற்குப் பின்னால், யார் தட்டினால் கதவு திறக்கும் என்ற கணக்கு இருக்கிறது. கேட்வுட் வெள்ளைக்காரப் பாட்டி என்பதும் அந்தக் கணக்கில் உண்டு.

அவர் 1957இல் மறுபடி முழுப்பாதையையும் நடந்தார். மூன்றாவது தடவை பகுதி பகுதியாக, 1964இல் முடித்தார். மூன்று முறை முடித்த முதல் ஆள், ஆணோ பெண்ணோ. பாதை மோசமாக இருக்கிறது என்று அவர் செய்தியாளர்களிடம் வெளிப்படையாகத் திட்டியது சங்கத்துக்காரர்களை உறுத்தியது. புதர் வெட்டினார்கள், அடையாளம் தீட்டினார்கள். 1968இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி இதைத் தேசிய நெடும்பாதை ஆக்கியது. 1973இல் 85 வயதில் எம்மா இறந்தார்.

பாதை நெடுக மரங்களில் வெள்ளைப் பட்டை ஒன்று தீட்டியிருப்பார்கள். 5 சென்டிமீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் உயரம். இன்றும் பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான் பெயின்ட் டப்பாவோடு போய் அதைப் புதுப்பிக்கிறார்கள். தனியாக நடக்கிறவர் ஒரு பட்டையைத் தாண்டி அடுத்த பட்டையைத் தேடுகிறார். வழி தப்பவில்லை என்று முகம் தெரியாத ஒருவர் சொல்லிவிட்டுப் போனதுபோல. எம்மா 1954இல் தோற்றதற்கும் அடுத்த ஆண்டு ஜெயித்ததற்கும் நடுவே மனவுறுதி இருந்தது உண்மைதான். அந்த மேயரின் கதவும் கடற்படைப் பையன்களின் கயிறும் அதே அளவுக்கு உண்மை.

போன மாதம் பாட்டியைப் பார்க்கப் போனபோது இந்தக் கதையைச் சொன்னேன். பாட்டி கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டு முடித்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இருட்டில் தன் நிரைக்குத் தனியாகத்தான் போவார். நானூறு ஐந்நூறு மரம். அப்போது யாரும் அவரிடம் "யார் கூட போற?" என்று கேட்டதில்லை. அது வேலை. வேலைக்குப் போகும் பெண் தனியாகப் போகலாம், தனக்காகப் போகிறவள்தான் போகக்கூடாது போலிருக்கிறது.

பாட்டி கடலைத் தோலை உரித்துக்கொண்டே கேட்டார். எத்தனை கட்டை நடந்தாள் என்று கேட்டார். ரெண்டாயிரம் கட்டைக்கு மேல என்றேன். கூலி எவ்வளவு என்றார். கூலி இல்ல பாட்டி என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு தலையைத் தூக்காமலே கேட்டார்.

"புருஷங்காரன் தேடிக்கிட்டு வரலியா?"

"வரல."

"அப்ப நல்லாத்தான் நடந்திருக்கா."

அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு நான் சப்பாத்து மாட்டும்போது அடுப்படியிலிருந்து சத்தம் வந்தது. "தண்ணி ரெண்டு போத்தலா எடுத்துக்கிட்டியா?"